ஒரு நாள் தள்ளி நின்ற சிவப்புக் கோடு

சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த இரண்டு பிளாஸ்டிக் தாள்களையும் இன்று காலை பிரித்தெடுத்தேன். ஒட்டுநாடா ஒரு மூலையில் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. நகத்தால் சுரண்டியதில் கோடு கொஞ்சம் அழிந்துவிட்டது. திரும்ப வரையலாமென்று சிவப்பு மார்க்கரின் மூடியைத் திறந்தேன். அந்த ஸ்பிரிட் வாசனை ஏறியதுமே நீ வந்துவிட்டாய், முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு. “மூடியப் போடு லா கமலா, தலை சுத்துது.” இருபத்திரண்டு வருஷமாக அதே பல்லவி. மூடியைப் போட்டுவிட்டேன்.

நீ போய் ஏழு வாரம் ஆகிறது. அதில் ஒரு மாதம் முழுக்க, உன் உயிரை எடுத்தது நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்திதான், நீயோ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீட்டி முழக்கினால் உனக்குப் பிடிக்காது, தெரியும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

முதலில் இப்படித் தாள் ஒட்டுகிற பழக்கத்தின் கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எனக்கு அங்கிருந்து தொடங்கினால்தான் வரும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணு போர்டு செய்கிற அந்தத் தொழிற்சாலையில் நாம் இருவரும் தரப் பிரிவில் இருந்தோம். பிரிவுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதை மேலாளர் யாரையும் தொட விடமாட்டார். ஆகவே புரொஜெக்டரில் வைக்கிற கண்ணாடி மாதிரியான தாளில் நாம் கையாலேயே வரைந்தோம். ஒரு தாளில் அறையின் ஈரப்பதம், மணிக்கு மணி, நீல மையில். இன்னொன்றில் ரிஜெக்ட் ஆன போர்டுகளின் எண்ணிக்கை, சிவப்பில். நீலம் என்னுடையது, சிவப்பு உன்னுடையது.

இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சிவப்புத் தாளை மட்டும் மெல்ல இடது பக்கம் நகர்த்துவோம். ஒரு மணி நேரக் கட்டம், இரண்டு, மூன்று என்று. எந்த இடத்தில் சிவப்பு மேடுகள் நீல மேடுகளின் மேல் சரியாகப் போய் உட்காருகின்றனவோ அங்கே நிறுத்துவோம். நகர்த்திய தூரம்தான் தாமதம். ஈரம் ஏறி எத்தனை மணி நேரம் கழித்துப் போர்டு கெடுகிறது என்பதை அது சொல்லிவிடும். பிறகு சந்தேகம் தீர, புள்ளிகளால் இன்னொரு படம். அகலவாக்கில் அப்போதைய ஈரம், உயரவாக்கில் அத்தனை மணி கழித்து வந்த ரிஜெக்ட். புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடந்தால் நம் ஊகம் பொய். சாய்ந்த கோடாக ஒடுங்கி வந்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது.

முதல் தடவையே நான் சொதப்பினேன். தாமதம் ஒன்பது மணி நேரம் என்று கண்டுபிடித்தேன். காலை எட்டுக்கு ஈரம் ஏறுகிறது, மாலை ஐந்துக்குப் போர்டு கெடுகிறது. காலை எட்டு என்றால் ஷிஃப்ட் மாறுகிற நேரம். கதவைத் திறந்துபோட்டுவிட்டு அரட்டை அடிக்கிற பெண்கள்தான் காரணம் என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். எட்டுப் பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் நீ நேரே ஈரப்பதக் கருவியிடம் போனாய், குனிந்தாய், அதன் கடிகாரத்தைப் பார்த்தாய். நண்பகல் பன்னிரண்டுக்கு அது விடியற்காலை நாலு என்று காட்டிக்கொண்டிருந்தது. வாங்கின நாளிலிருந்து கிரீன்விச் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால். உண்மையில் ஈரம் ஏறியது மாலை நாலு மணிக்கு, மழை கொட்டும்போது லாரிக்காகப் பின்கதவைத் திறக்கிற நேரத்தில். தாமதம் ஒரே ஒரு மணி நேரம். அந்த எட்டுப் பெண்களுக்கும் கதவுக்கும் சம்பந்தமே இல்லை.

“எது முன்னாடி, எது பின்னாடின்னு அப்பறம் சண்டை போடலாம்,” என்றாய் என்னிடம். “மொதல்ல ரெண்டு கடிகாரமும் ஒண்ணான்னு பாரு.”

அதற்குப் பிறகு வந்த புது ஆட்களுக்கெல்லாம் அந்த வாக்கியத்தை என் சொந்தச் சரக்கு மாதிரி அள்ளிவிட்டேன். நீ பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பாய். ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நமக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று சூலியா தெரு முனைக் கடையில் குடிக்கிற தே, அதாவது டீ. மற்றது மாதம் ஒரு தடவை கிளினிக். ஆளுக்கொரு பிரஷர் வந்துவிட்டது. தினமும் ஒரே நேரத்தில் வீட்டில் அளந்து நோட்டில் எழுதி வரும்படி டாக்டர் சொன்னார். நான் இரண்டு நோட்டு வாங்கி, இரண்டிலும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஒன்றை உன்னிடம் கொடுத்தேன். நேரத்தை நீ முடிவு செய்தாய். “மஃரிப் தொழுதுட்டு நான் அளக்கிறேன். நீ வெளக்கு வச்சிட்டு அள. ரெண்டும் ஒரே நேரந்தானே.” கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் உன் வீடு. அங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் என் பதினோராம் மாடி. அங்கேயும் பக்கத்துப் பள்ளிவாசலின் மாலைப் பாங்கு தெளிவாகக் கேட்கும்.

அளந்து முடித்ததும் உனக்கு போன் போட்டுப் பேசுவேன். பேசுவேன் என்றா சொன்னேன், புலம்புவேன். லிஃப்ட் கெட்டுப்போனது, தம்பி கூப்பிடாதது, மேல் வீட்டுக்காரன் நாற்காலியை இழுப்பது, என் எண் ஏறியது. நீ ம் கொட்டிக்கொண்டே கேட்பாய். உன் எண்ணை மட்டும் சொல்லமாட்டாய். “அது டாக்டருக்கு. ஒனக்குச் சொன்னா அதுக்கும் சேத்து நீ ஏத்திக்குவே.” கிளினிக் வரிசையில்கூட நோட்டைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுவாய். எட்டிப் பார்த்தால் கையில் ஒரு தட்டு விழும்.

தைப்பூசத்தன்று நான் தண்ணீர்மலை ஏறினபோது, வாட்டர்ஃபால் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் நிழலில் என் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அத்தனை படி ஏறி இறங்கியும் அன்று மாலை என் எண் நல்லபிள்ளையாக இறங்கியிருந்தது. முருகன் அருள் என்றேன். “செருப்பு தொலையலல்ல, அந்த நிம்மதி,” என்றாய்.

இனி எனக்குப் பிடிக்காத பகுதிக்கு வருகிறேன். கடைசியாக நாம் தே குடித்த அன்று நீ கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு, வெகு சாதாரணமாகச் சொன்னாய். “எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. மகளும் சொல்றா. பெட்டியத் தூக்கிட்டு வந்துரு லா. ரெண்டு கெழவியும் சேந்து மாத்திரை சாப்பிடலாம்.” எனக்கு எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ. “ஒண்டிக்கட்டைக்குப் பாவம் பாக்குறியா?” என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பிறகு பதினொரு நாள் நான் தே குடிக்க வரவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சாக்குச் சொன்னேன். அது நிஜமாகவே வேலை செய்யவில்லை, ஆனால் எனக்கு இறங்கத் தெரியாமல் இல்லை. புலம்பலை மட்டும் விடவில்லை, தினமும் போன் போட்டேன். கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலையும் லிஃப்ட் புராணம்தான். “சரி, அது சரியானதும் வா,” என்றாய். “தே எங்கேயும் ஓடிடாது.” மறுநாள் புதன், விடிவதற்கு முன்னால் தொழுகைக்கு எழுந்தவள் அப்படியே விழுந்துவிட்டாய். ஸ்ட்ரோக். உன் மகள் நஸீமா என்னைக் கூப்பிட்டு, “ஆண்ட்டி, அம்மா மௌத்தாயிட்டாங்க,” என்றாள். பதினொரு மாடியையும் படி வழியாகத்தான் இறங்கினேன். பதினொரு நாளாக முடியாதென்று சொன்ன அதே படி.

ஒரு வாரம் கழித்து நஸீமா உன் நோட்டை என்னிடம் கொடுத்தாள். “நீங்க கட்டம் போட்டுக் கொடுத்தது, நீங்களே வச்சுக்கங்க ஆண்ட்டி.” ஏழு மாதத்து எண்கள். முதல் பக்கத்தில் உன் குண்டுக் கையெழுத்தில், மஃரிபுக்குப் பிறகு அளக்கவும் என்று உனக்கு நீயே போட்டுக்கொண்ட உத்தரவு.

வேறு யாராவது என்றால் அதைப் படித்துவிட்டு அழுதிருப்பார்கள். நான் தாள் வாங்கிக்கொண்டு வந்து வரைந்தேன். துக்கத்தில் எனக்குத் தெரிந்த வேலை அதுதான். என் எண்கள் நீலம், உன் எண்கள் சிவப்பு. சன்னலில் ஒட்டி, பழக்கதோஷத்தில் சிவப்பை இடது பக்கம் நகர்த்தினேன். ஒரே ஒரு கட்டம். ஒரு நாள். மேடெல்லாம் மேட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

நம்ப முடியாமல் புள்ளிப் படமும் போட்டேன். அகலவாக்கில் நேற்றைய என் எண், உயரவாக்கில் இன்றைய உன் எண். புள்ளிகள் ஒடுங்கி ஒரு சாய்ந்த கோடாக வந்து நின்றன. தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சுத்தமான கோடு நமக்கு வந்ததே இல்லை. நான் திங்கள்கிழமை நூற்று ஐம்பத்தெட்டு, நீ செவ்வாய் நூற்று அறுபத்தொன்று. நான் இறங்கினால் மறுநாள் நீ இறங்கியிருக்கிறாய். நீ எண்ணைச் சொல்லாததற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. நான் அளக்கிறேன், ஏறியிருக்கிறது, உனக்கு போன் போட்டுக் கொட்டித் தீர்க்கிறேன். நீ அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் சுமக்கிறாய். மறுநாள் மாலை உனக்கு ஏறுகிறது. ஏழு மாதம் இப்படி. கடைசி நோட்டு வரியிலும் அப்படியே.

அந்த மாதத்தை எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன், தூங்கினேன், லிஃப்டைக்கூடச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் யாரோடும் பேசவில்லை. பேசப் பயமாக இருந்தது. அதிசயமாகத் தம்பி ஜொகூரிலிருந்து கூப்பிட்டான். எப்படி இருக்கே என்றான். நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கும் பிரஷர் இருக்கிறது. மார்க்கெட்டில் மீன்காரர் உன்னை விசாரித்தார், தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். மாலைப் பாங்கு கேட்டதும் கை தானாக போனை எடுக்கும். திரும்பக் கவிழ்த்து வைப்பேன். என் வாய்தான் உன்னைக் கொன்றது, அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று இருந்தேன்.

பிறகு நஸீமா கூப்பிட்டாள். “ஆண்ட்டி, அம்மாவுக்கு நாப்பதாம் நாள் வருது. வெள்ளி ராவு வீட்ல ஓதுறோம். நீங்க கண்டிப்பா வரணும்.” வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சுவர் நாள்காட்டியில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டேன். போட்டதுமே நீ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏனென்றால் இந்தத் தப்பை நான் ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் நீயும் இதே மாதிரி வெள்ளி ராவு ஓதுகிறோம் வா என்று கூப்பிட்டாய். நான் வெள்ளிக்கிழமை மாலை புதுப் புடவையும் பழக்கூடையுமாக வந்து நின்றேன். வீட்டில் ஈ காக்கை இல்லை, நீ வீட்டு உடுப்பில் வந்து கதவைத் திறந்தாய். “நேத்து வர வேண்டியவ இன்னிக்கு வந்து நிக்கிற. எங்களுக்கு மஃரிப் ஆனா மறுநாள் பொறந்துடும் லா. வியாழக்கெழம பொழுது சாஞ்சா அது வெள்ளி ராவு.” மிச்சமிருந்த நெய்ச்சோற்றைச் சுட வைத்துப் போட்டாய். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து இதுகூடத் தெரியாதா என்று சாப்பிடுகிற வரைக்கும் கிண்டல் வேறு.

வட்டத்தை அடித்துவிட்டு வியாழனுக்கு மாற்றப் போனவள், பேனாவோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நோட்டை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தேன். புதன்கிழமைத் தேதி. நீ புதன்கிழமை விடிவதற்கு முன்பே போய்விட்டவள். முதலில் பார்த்தபோது, உடம்பு சரியில்லாமல் எழுந்து விடியற்காலையில் அளந்திருப்பாய் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். ஆனால் உன் உத்தரவு மஃரிபுக்குப் பிறகு என்கிறது, நீயோ உத்தரவு மீறுகிறவள் இல்லை. நஸீமாவுக்கு போன் போட்டேன். ஒரு மாதத்தில் நானாக யாருக்காவது போட்ட முதல் போன் அது. “அம்மா மஃரிபுக்கு அப்பறம் ஏதாச்சும் எழுதினா என்ன தேதி போடுவாங்க?” அவள் யோசிக்கக்கூட இல்லை. “மறுநாள் தேதிதான் ஆண்ட்டி. பால் டின் தொறந்தாக்கூட மறுநாள் தேதிதான் எழுதி ஒட்டுவாங்க. நாங்க எவ்வளவோ சொல்லிட்டோம்.”

நான் நகர்த்திய அந்த ஒரு கட்டம் தாமதமே இல்லை. அது உன் கடிகாரம். செவ்வாய் மாலை அளந்ததைப் புதன் என்று எழுதியிருக்கிறாய், ஏழு மாதமும் அப்படியே. நீ எனக்குப் பிறகு ஏறவில்லை. இருவரும் ஒரே மாலையில் ஏறியிருக்கிறோம், ஒரே மாலையில் இறங்கியிருக்கிறோம். நான் போனைக் கையில் எடுக்கிறதற்கு முன்பே உன் எண் எழுதப்பட்டு, நோட்டு மூடப்பட்டிருந்தது.

அடிப்பாவி, கடிகாரத்தைப் பார் என்று எனக்குப் பாடம் நடத்தினவளே, உன் கடிகாரம் வேறு என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சத்தமாகவே கேட்டேன். கேட்டுவிட்டு, நீ போனதிலிருந்து வராத அழுகையையெல்லாம் சேர்த்து அழுதேன். மேல் வீட்டுக்காரன் நாற்காலி இழுப்பதை நிறுத்திவிட்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தொழிற்சாலையில் நாம் இன்னொரு பழக்கமும் வைத்திருந்தோமே. இரண்டு கோடு தாமதமே இல்லாமல் சேர்ந்து ஏறினால், ஒன்று மற்றதை ஏற்றுகிறது என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஏற்றுகிற மூன்றாவது ஒன்றைத் தேட வேண்டும். தேடினேன். வெயிலா என்று பார்த்தேன், இல்லை. மாத்திரை மாற்றிய நாட்களா, அதுவும் இல்லை. நாள்காட்டியில் நாம் தே குடித்த நாட்களில் பென்சிலால் ஒரு டிக் போட்டு வைப்பேன், உனக்குத் தெரியாது. அதை எடுத்துவந்து தாள்களுக்குக் கீழே வைத்தேன். டிக் இருக்கிற இடத்திலெல்லாம் நீலமும் சிவப்பும் சேர்ந்து இறங்கியிருந்தன. நாம் சேர்ந்திருந்த தைப்பூசத்தன்றும். டிக் இல்லாமல் நாலு நாள் போனால் இரண்டும் சேர்ந்து ஏறின. கடைசிப் பதினொரு நாளில் டிக்கே இல்லை. இரண்டு கோடும் தோளோடு தோள் உரச மேலே போயிருந்தன.

இதை நிரூபணம் என்று நான் சொல்லமாட்டேன். ஏழு மாதம் போதாது, நீயே ஒப்புக்கொள்ளமாட்டாய். பதினொரு நாள் தே குடிக்காததற்கு யாரும் சாவதில்லை என்பாய். இருக்கலாம். என் புலம்பல் உன்னை ஒன்றும் செய்யவில்லை, அது தெரிந்துவிட்டது. நான் வராமல் இருந்தது என்ன செய்தது என்று தெரியவில்லை. எனக்கு என்ன செய்ததோ அதைத்தான் உனக்கும் செய்திருக்கிறது. என்னைத்தான் தனியாக இருக்கிறவள் என்று நினைத்திருந்தேன். மகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த வீட்டில் உன் எண்ணும் அந்த டிக்குக்காகக் காத்திருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை சரியாக மஃரிபுக்கு வந்துவிட்டேன். நீ பார்த்திருந்தால் கை தட்டியிருப்பாய். ஓதி முடித்துச் சாப்பிட்ட பிறகு நஸீமா என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள். கட்டிலில் விரிப்பு போட்டிருந்தது. சன்னலில் திரை இல்லை, வெறும் கண்ணாடி. “தெரைய அம்மாதான் கழட்டினாங்க ஆண்ட்டி, உங்களக் கூப்பிடறதுக்கு முன்னாடியே. கமலாவுக்கு கிராஃப் ஒட்டக் கண்ணாடி வேணும்னாங்க.” அவள் கீழே போய் வெகுநேரம் ஆகியும் நான் அந்தக் கண்ணாடி முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். பாவம் பார்க்கிறாயா என்று உன்னிடம் கேட்டதை அங்கே வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டேன். உனக்குக் கேட்டதா தெரியாது.

அறைக்கு நான் இன்னும் வரவில்லை. வருவேனா என்றும் தெரியவில்லை. நீ இல்லாத வீட்டில் உன் கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன வரைவது? என்னிடம் இப்போது ஒரே ஒரு கோடுதான். அதையே ஒரு நாள் தள்ளி அதன் மேலேயே வைத்துப் பார்க்கிறேன். நேற்றைய நான், இன்றைய நான். நன்றாகத்தான் பொருந்துகிறது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆனால் உன்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். மாலையில் விளக்கு வைக்கிறேன், பாங்கு முடிகிறது, அளக்கிறேன், எழுதுகிறேன். மறுநாள் தேதி போட்டு. கிளினிக்கில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் இந்த ஃப்ளாட்டில் ஒரு சத்தமும் இருக்காது, போகவும் இடம் இருக்காது. நோட்டைத் திறந்தால் மட்டும், இன்னும் தொடங்காத அந்த நாளின் கட்டத்தில் ஏற்கெனவே ஓர் எண் உட்கார்ந்திருக்கும். பாதி நாளை நீ எனக்கு முன்னால் நடந்து முடித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். மிச்சப் பாதியை நான் நடக்கிறேன்.